வருத்தத்தின் அளவு

குழந்தைவேலு யாரையும் கொல்லவில்லை. கொன்றவன் அவன் அண்ணன் நல்லசிவம். உலகத்தில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அண்ணனுக்கு, தம்பிக்கு, அவர்களுடைய வக்கீல் அங்குராஜுக்கு.

அண்ணனும் தம்பியும் திருச்செங்கோட்டில் சொந்தமாக ஒரு போர்வெல் வண்டி வைத்திருந்தார்கள். எண்ணூறு அடிக்குக் கீழே பூமியைத் துளைக்கக் கூடாது என்று அதற்குள் சட்டம் வந்துவிட்டிருந்தது. எண்ணூறு அடியில் தண்ணீர் கிடையாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே துளைப்பவர்கள் துளைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு தோட்டத்தில் துளைத்துக்கொண்டிருந்தபோது, வேலையாட்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், நிலத்தடி நீர்க் கண்காணிப்பாளர் மாதேஸ்வரன் ஒற்றை ஆளாக பைக்கில் வந்து இறங்கினார். குழிக்குள் இறங்கியிருந்த ராடுகளை எண்ணி, ஆழம் எண்ணூறைத் தாண்டிவிட்டதைக் கண்டார். வண்டிக்கு சீல் வைக்கப் போவதாகச் சொன்னார். பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தார். நல்லசிவத்தின் கையில் பைப் ரெஞ்சு இருந்தது.

கம்ப்ரஸர் பக்கத்தில் நின்ற வேலுவுக்கு அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மாதேஸ்வரன் மடங்கி விழுவதை மட்டும் பார்த்தான். ஓடிப் போனபோது அவர் மூச்சு நின்றிருந்தது. நல்லசிவம் ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்திருந்தான்.

வேலையாட்களை அப்படியே வீட்டுக்குப் போகச் சொல்லிப் போன் செய்துவிட்டு, இருவரும் வக்கீல் ஆபீஸுக்கு ஓடினார்கள். அங்கே அங்குராஜ் கணக்குப் போட்டார். கொலை வழக்கில் தீர்ப்பு இரண்டு பாகம் என்று அவர் சகோதரர்களுக்கு விளக்கினார். செய்தானா இல்லையா என்பது முதல் பாகம். செய்தவன் எப்படிப்பட்டவன், வாழ விடலாமா என்பது இரண்டாவது. அந்த இரண்டாவது பாகத்தில்தான் தண்டனையைக் கூட்டும் காரணங்களை ஒரு பக்கமும் குறைக்கும் காரணங்களை மறுபக்கமும் நீதிபதி வைத்துப் பார்ப்பார். செத்தவர் அரசு ஊழியர், பணியில் இருந்தவர், கையில் ஆயுதம் இல்லாதவர், அடி விழுந்தது பின்னந்தலையில். இவை எல்லாம் கூட்டும் பக்கம் ஏற்கெனவே போய் உட்கார்ந்துவிட்டன. நல்லசிவத்தின் பேரில் பழைய அடிதடி வழக்கு ஒன்று இருந்தது, ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டும் வந்திருந்தான். அதுவும் சேர்ந்தால் மறுபக்கத்தில் வைக்க ஒன்றுமே இருக்காது.

"இதே வேலுன்னா வேற மாதிரி. இருவத்திமூணு வயசு. ஒரு கேஸ் கெடையாது. அப்பன் ஆத்தா இல்ல. தானா போய் சரணடையறான், தப்பை ஒத்துக்கறான். ஏதோ ஒரு வேகத்துல கை ஓங்கிட்டான்னு சொல்லலாம். அண்ணன் நின்னா கயிறு. தம்பி நின்னா ஆயுசு. அவ்வளவுதானப்பா," என்றார் அங்குராஜ்.

நல்லசிவம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே வந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டான். "உன்னைய வெளிய எடுக்காம நான் கண்ண மூட மாட்டன் சாமி," என்றான். அம்மா போனதிலிருந்து வேலுவுக்குச் சோறு போட்டதும், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததும் அந்தக் கைதான். அண்ணன் மகள் தாரணி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். வேலு யோசிக்கக்கூட இல்லை. தோட்டத்துக்குத் திரும்பிப் போனான். ரெஞ்சின் கைப்பிடியைச் சட்டையால் துடைத்தான். தன் கையால் இறுக்கிப் பிடித்துவிட்டு, அதோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தான்.

முதல் பாகம் அங்குராஜ் சொன்னபடியே முடிந்தது. குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இரண்டாவது பாகம் தொடங்குவதற்குள் சட்டம் மாறிவிட்டது.

கொலைக் குற்றவாளி உண்மையிலேயே வருந்துகிறானா என்பதை இனி யாரும் முகத்தைப் பார்த்து யூகிக்க வேண்டாம், அதற்கென்று வந்திருக்கும் கருவியை வைத்து அளந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் முடிவு செய்திருந்தது. தண்டனைக்கு முன்னால் இரண்டு முறை அளக்க வேண்டும். சாட்சிகள் பேசுவதற்கு முன்பு ஒரு தடவை, பேசிய பிறகு ஒரு தடவை. இரண்டில் எது அதிகமோ அது கணக்கு. வருத்தம் இருந்தால் மற்ற எல்லாக் காரணங்களையும் விட அதற்குத்தான் மதிப்பு. இல்லாவிட்டால், திருந்தாதவன் என்று ஆகிவிடும். சிறைக்குள் அந்தக் கருவியைத் தொப்பி என்றார்கள்.

தொப்பியை மாட்டிவிட்ட டாக்டர் ஸ்டெல்லா அன்பானவர். வேலு பயந்திருப்பதைப் பார்த்து நிதானமாக எடுத்துச் சொன்னார்.

"பக்கத்து வீட்டுல ஒரு சாவு விழுந்தா மனசு கஷ்டப்படும் இல்லையா, அது துக்கம். நாமளே ஒண்ணு செஞ்சுட்டு, ஐயோ செஞ்சுட்டோமேன்னு கெடந்து தவிக்கிறோம் பாருங்க, அது வேற. மூளையில ரெண்டுக்கும் வேற வேற இடம். இது ரெண்டாவதை மட்டும்தான் அளக்கும்."

"எதுக்காகத் தவிக்கறம்னும் காட்டுமுங்களா?"

"அது காட்டாது. அன்னிக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லி உங்களை அங்க கூட்டிட்டுப் போவோம். அங்க போய் வர்ற வருத்தம் வேற எதுக்காக இருக்க முடியும்?"

கண்ணை மூடிக்கொண்டு வேலு அந்தச் சாயங்காலத்துக்குப் போனான். மாதேஸ்வரன் விழுந்தார். அவனுக்குத் துக்கமாக இருந்தது, மெய்யாகவே. ஆனால் தொப்பி கேட்டது அதை அல்ல. நூறுக்கு எவ்வளவு என்று திரையில் வரும். வேலுவுக்குப் பூஜ்யம் வந்தது.

மறுநாள் செய்தியில் அவன் படம் வந்தது. கல்நெஞ்சக்காரன் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அங்குராஜ் பார்க்க வந்து, இப்படி ஒரு கருவி வரும் என்று தான் கனவா கண்டேன் என்று சலித்துக்கொண்டார். அடுத்த தடவை எப்படியாவது வருந்தும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வேலு தன் அறையில் உட்கார்ந்து கொலை செய்யப் பழகினான். மனசுக்குள் ரெஞ்சை எடுத்துத் தன் கையில் வைத்தான். மாதேஸ்வரனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான். கையை ஓங்கினான். ஒவ்வொரு தடவையும், அடி விழும் நேரத்தில் பார்த்தால் அவன் கம்ப்ரஸர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். செய்யாத ஒன்றுக்காக வருந்துவது அத்தனை கஷ்டம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அந்த வாரத்தில்தான் மாதேஸ்வரனின் மனைவி சம்பூர்ணம் அவனைப் பார்க்க வந்தாள். பாதிக்கப்பட்ட குடும்பத்தார் விரும்பினால் குற்றவாளியைச் சந்திக்கலாம் என்று புதுச் சட்டத்திலேயே இடம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனை எடுத்துக் காதில் வைத்தவள், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். திட்டுவாள் என்று வேலு காத்திருந்தான்.

"உனக்கு வருத்தமே இல்லைன்னு போட்டிருந்தாங்க," என்றாள். "எல்லாரும் காறித் துப்பினாங்க. எனக்கு மட்டும் வேற ஒரு ரோசனை வந்துச்சு. செஞ்சிருந்தாத்தான வருத்தம் வரும்னு. நெசத்தைச் சொல்லு தம்பி. நீதான் செஞ்சியா?"

வேலுவுக்கு எல்லாவற்றையும் அந்தப் போனில் கொட்டிவிடலாம் போல இருந்தது. அண்ணன் தன் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. தாரணி தட்டுத் தடுமாறி நடந்தது நினைவுக்கு வந்தது.

"நான்தானுங்க," என்றான்.

அவள் போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நீதிமன்றத்தில் தண்டனை விசாரணை தொடங்கியபோது சம்பூர்ணம் கூண்டேறி அதைச் சொன்னாள். தானே போய்க் கேட்டதாகவும், நான்தான் என்று அவன் சொன்னதாகவும், சொல்லும்போது அவன் கண்ணில் ஒன்றுமே இல்லை என்றும் சொன்னாள். அரசு வக்கீல் இதையும் கூட்டும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்.

நீதிபதி தில்லைநாயகி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலுவைப் பார்த்தார்.

"பூஜ்யம் ரெண்டு காரணத்தால வரலாம்," என்றார். "மனசு கல்லாப் போனவனுக்கும் வரும். செய்யாதவனுக்கும் வரும். இவர் ஒத்துக்கிட்டார்ங்கறதுக்காக நாம ரெண்டாவதை யோசிக்காமலே விட்டுட்டோமோன்னு எனக்கு இருக்கு. நெருங்கின சொந்தக்காரங்க யாராவது வந்து இவரைப் பத்திச் சொல்லட்டும். அதுக்கப்புறமும் எனக்குத் தெளிவு வரலைன்னா, புலன்விசாரணையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்ல வேண்டி வரும்."

அங்குராஜின் முகம் வெளுத்ததை வேலு பார்த்தான். அது தன்னை நினைத்துக் கவலைப்படும் முகம் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டான். விசாரணை மறுபடி தொடங்கினால், பொய்யாக ஒருவனைச் சரணடைய வைத்த வக்கீலும் உள்ளே போக வேண்டியிருக்கும் என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் நல்லசிவம் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, இரண்டு நாள் தாடி. கூண்டில் ஏறும்போது கைப்பிடியில் தடுக்கிக்கொண்டான். அண்ணனைப் பார்த்து மாதக் கணக்காகிவிட்டது, இளைத்துப் போயிருக்கிறானே என்று வேலுவுக்கு மனம் இளகியது. தன்னைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தான். உண்மையையே சொல்லிவிடுவானோ என்று ஒரு கணம் பயந்தும் போனான்.

உங்கள் தம்பி எப்படிப்பட்டவர் என்று நீதிபதி கேட்டார்.

நல்லசிவம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு அழுகாச்சி வராதுங்க," என்றான். "சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க. கல்லாட்ட நிப்பான். எங்கம்மா செத்தன்னிக்கு ஊரே அழுதுச்சுங்க, இவன் ஒரு சொட்டுக் கண்ணீர் உடலைங்க. எல்லாரும் பார்த்தாங்க. வேணும்னா ஊருல கேளுங்க."

"அப்போ இந்தக் குற்றத்தை இவர் செஞ்சிருப்பார்ங்கறதுல உங்களுக்குச் சந்தேகம் இல்லையா?"

"இல்லைங்க."

நீதிமன்றத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று வேலுவுக்குத் தெரியும். அம்மாவைக் கிடத்தியிருந்த கூடத்தின் மூலையில், ஒன்பது வயதுப் பையனாக அவன் விசும்பத் தொடங்கியபோது, அவனை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டது இந்த அண்ணன்தான். நீ அழுதால் நானும் அழுதுவிடுவேன், இரண்டு பேரும் அழுதால் யார் பார்ப்பது என்று காதுக்குள் சொன்னதும் இவன்தான். அண்ணனின் சட்டையைக் கடித்துக்கொண்டு வேலு அன்றைக்கு அழுகையை விழுங்கினான். அண்ணனுக்காக அவன் செய்த முதல் காரியம் அது. அதை எடுத்துத்தான் இப்போது கூட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பியின் பக்கம் திரும்பாமலே கூண்டை விட்டு இறங்கிப் போனான் நல்லசிவம். அங்குராஜ் குறுக்கு விசாரணை எதுவும் இல்லை என்றார். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் அண்ணன் சொல்லியிருக்கிறான் என்பது வேலுவுக்கு அந்த நிமிஷம் விளங்கியது.

தம்பிக்குக் கயிறு என்றாலும் பரவாயில்லை, வழக்கு முடிந்தால் போதும் என்று அண்ணனும் வக்கீலும் முடிவு செய்திருந்தார்கள்.

அன்றைக்கு மத்தியானமே இரண்டாவது தடவை தொப்பியை மாட்டினார்கள். டாக்டர் ஸ்டெல்லா அதே குரலில், அதே வார்த்தைகளில் ஆரம்பித்தார். தோட்டம், வண்டி, சாயங்கால வெயில். "அங்கயே நில்லுங்க. அன்னிக்கு நீங்க செஞ்சதை நினைச்சுப் பாருங்க."

அன்றைக்கு அவன் செய்தது என்ன? வேலு பார்த்தான். சட்டையால் ரெஞ்சைத் துடைப்பது தெரிந்தது. தன் ஐந்து விரலும் பதியும்படி இறுக்கிப் பிடிப்பது தெரிந்தது. ஐயோ, செய்துவிட்டோமே என்று தவித்தான். யாருக்காகச் செய்தோம், என்ன மனிதனுக்காகச் செய்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி வந்து உட்கார்ந்து உண்மையைக் கேட்டாளே, புருஷனைப் பறிகொடுத்தவள், அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னோமே. செத்துப் போன மனிதருக்கு நியாயம் கிடைக்காமல் குறுக்கே போய்ப் படுத்துக்கொண்டோமே. அவன் வாய்விட்டு அழுதான். நாற்காலியோடு சேர்ந்து உடம்பு குலுங்கியது. டாக்டர் ஸ்டெல்லாவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றேழு வந்தது. அந்த மாநிலத்தில் அதுவரை யாருக்கும் அவ்வளவு வந்ததில்லை.

தண்டனை சொல்வதற்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீதிபதி கேட்டபோது வேலு எழுந்து நின்றான்.

"நான் செய்யலைங்கம்மா. எங்கண்ணன்தான் செஞ்சது. அவருக்காக நான் ஒத்துக்கிட்டனுங்க."

சம்பூர்ணம் பின் வரிசையில் இருந்தாள். நீதிபதி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. முதல் தடவை பூஜ்யம் வந்தபோது தனக்கே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். அன்றைக்கு இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் விசாரணையைத் திரும்ப நடத்தச் சொல்லியிருப்பேன் என்றார். இப்போது அதற்கு இடமில்லை. செய்யாத ஒருவனுக்குத் தொண்ணூற்றேழு வராது.

"உசிர் பயத்துல கடைசி நேரத்துல அண்ணன் மேல பழி போடறீங்க," என்றார். "பொதுவா இதை நான் உங்களுக்கு எதிராத்தான் எடுத்துக்கணும். ஆனா உங்க வாய் சொல்றதை விட உங்க மனசு சொன்னதை நான் நம்பறேன். அதனால இதைக் கணக்குல எடுத்துக்கலை."

கூட்டும் காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். குறைக்கும் காரணங்களில் வயதையும் பழைய வழக்கு இல்லாததையும் சொல்லிவிட்டு, கடைசியாக, ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்ட வருத்தம் என்றார். தூக்கு இல்லை. ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் வேறு வக்கீல் வந்தார். தொண்ணூற்றேழைப் பார்த்ததும் அவரும் ஃபைலை மூடிவிட்டார்.

சில மாதம் கழித்து சம்பூர்ணம் மறுபடியும் வந்தாள்.

"கோர்ட்டுல நீ கடைசியாச் சொன்னது மனசைப் போட்டு அரிச்சுட்டே இருக்குது," என்றாள். "இப்ப உனக்குக் கயிறும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொல்லி உனக்கு ஆகப் போறதும் இல்ல. சொல்லு, கேட்டுக்கறேன்."

வேலு சொன்னான். கம்ப்ரஸர் சத்தம், அங்குராஜ் போட்ட கணக்கு, அண்ணன் பிடித்த கை, ரெஞ்சைத் துடைத்தது, தொப்பிக்குள் தான் எதை நினைத்து அழுதான் என்பது வரை ஒன்றையும் விடாமல் சொன்னான். அவள் போனை ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உன்றண்ணன் எங்க ஊட்டுக்கு வந்தாரு," என்றாள் பிறகு. "தீர்ப்பு வந்த மறு வாரம். வாசல்ல நின்னு அழுதாரு பாரு, அப்படி ஒரு ஆம்பள அழுது நான் பாத்ததில்ல. நிக்க முடியாம உக்காந்துட்டாரு. பக்கத்து ஊட்டுக்காரங்க எல்லாம் ஓடியாந்துட்டாங்க. தம்பி செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நாந்தான் தண்ணி குடுத்து எழுப்பி உட்டேன். அதுக்கப்புறமும் வந்துட்டேதான் இருக்கறாரு. எங்க வாசல்ல போர் போட்டுக் குடுத்தாரு."

அந்தத் தொப்பியை அண்ணன் தலையில் மாட்டியிருந்தால் திரையில் என்ன வந்திருக்கும் என்று வேலுவுக்குத் தெரிந்துவிட்டது. பழைய வழக்கு இருந்தும் அண்ணன் பிழைத்திருப்பான். ஒருவரும் யாருக்காகவும் பொய் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை.

"அதுதானுங்க," என்றான் மெதுவாக. "நான் செஞ்சதுக்கு அவரு எதுக்குங்க அப்படி அழுவோணும்?"

சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கும் அது ஒரு நாள் தோணுச்சு தம்பி."

வேலு கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனான்.

"தோணுச்சு. தோணுனதை அப்படியே அமுக்கிட்டேன்," என்றாள் அவள். "எம் புள்ளைக ரெண்டும் இப்ப அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுக. அவரு வந்தா மாமான்னு ஓடுதுக. உன்னைய வெறுத்து, அப்புறம் மிஷின்ல நீ அழுதியேன்னு உன்னைய மன்னிச்சு, இப்பத்தான் ராத்திரில கண்ணை மூடறேன். இனி மொதல்ல இருந்து இன்னொருத்தரை வெறுக்கோணும்னா என்னால ஆகாது. மிஷின் உன்னையத்தான்னு சொல்லிருச்சு. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் புடைவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். அவளை நிறுத்த, தொழில் பழக்கத்தில் வாயில் வந்ததை வேலு கேட்டான்.

"எத்தனை அடியில தண்ணி வந்துச்சுங்க?"

"ஆயிரத்துக்கும் கீழன்னு சொன்னாரு," என்றாள் சம்பூர்ணம். "எங்க ஊட்டுக்காரரு போனதுக்கப்புறம் அதையெல்லாம் ஆரு வந்து பாக்கறா?"

போனை அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போனாள்.